காட்சியும் சான்றும்: துப்பறியும் கணினி விளையாட்டுகள் இரண்டன் ஒப்பாய்வு

1. தோற்றுவாய்

புதிய கலைவடிவம் ஒன்று தோன்றுங்கால், அதனைப் பற்றி எழும் முதல் வழக்குப் பெரும்பாலும் புறவனப்புக்கும் உள்ளீட்டுக்கும் இடையே எழுவதாகும். கணினி விளையாட்டு என வழங்கும் கலையும் இதற்கு விலக்கன்று. திரையில் தோன்றும் உருவங்களின் வனப்புச் சிறந்ததா, ஆடுவோர் செய்தற்கென வகுக்கப்பெற்ற செயல்முறை சிறந்ததா என்னும் வினா, இக்கலையை விரும்புவாரிடையே ஓயாது நிகழ்ந்து வருகின்றது. முன்னதனைக் காட்சியமைப்பு என்றும் பின்னதனை ஆடுமுறை என்றும் இக்கட்டுரை குறிக்கும்.

காரைக்காலைச் சார்ந்த கடற்கரைச் சிற்றூராகிய கிளிஞ்சல்மேட்டில் இவ்வழக்கினைக் கட்டுரையாளர் நேரிற் கேட்க நேர்ந்தது. விடுமுறைக்கு ஊர் வந்திருந்த கல்லூரி மாணவர் இருவர் வாதிட்டுக் கொண்டிருந்தனர். ஒருவர், ‘எல்.ஏ. நுவார்’ என்னும் துப்பறியும் விளையாட்டில் முகங்கள் மெய்யான மாந்தர் முகங்களாகவே இருத்தலைப் பாராட்டினார். மற்றவர், ‘ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்’ என்னும் விளையாட்டு இரு நிறங்களே கொண்டதாயினும் துப்பறியும் இன்பம் அதன்கண்ணேதான் உள்ளது என்றார். அருகில் வலை பழுது பார்த்திருந்த முதியவர், மாணவர் ஒருவர்க்குப் பெரியப்பா முறையினர், இடைபுகுந்து, கடலினின்று திரும்பும் படகில் நிற்பவர் இன்னார் என்று கரையிலிருந்து அறிவது முகம் கண்டா என வினவினார். படகு வரும் வரத்தையும் ஆள் நிற்கும் நிலையையும் கண்டே அறிகிறோம் என்பது அவர் கருத்து. காட்சியுள் எது அறிவிக்கின்றது, எது வாளா நிற்கின்றது என்னும் வினா அவர் கூற்றில் அடங்கியுள்ளது. அவ்வினாவை இவ்விரு விளையாட்டுகளின்மேல் வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. சிலம்பு காட்டும் அடிப்படை

தமிழிலக்கியம் பயில்வார்க்கு இவ்வினா புதியதன்று. சிலப்பதிகாரத்தில் கோவலன் கொலையுண்டது ஒப்புமைக் காட்சியினால் ஆகும். அவன் கையிலிருந்த சிலம்பு கோப்பெருந்தேவியின் சிலம்பைப் புறத்தோற்றத்தால் ஒத்திருந்தது. பொற்கொல்லன் அவ்வொப்புமையைக் கூறினான். மன்னன் ஆராயாது ஆணையிட்டான். வழக்குரை காதையில் கண்ணகி செய்தது சிலம்பை உடைத்தலாகும். தேவியின் சிலம்பில் முத்தும், கண்ணகியின் சிலம்பில் மாணிக்கமும் பரலாக இருந்தமை அப்பொழுதே தெளிவாயிற்று.

இதிற் கருதத்தக்கன இரண்டு. ஒன்று, பரலும் கண்ணாற் காணப்படும் பொருளே. கண்ணகியும் காட்சியைக் கொண்டே வழக்கை வென்றாள். மற்றொன்று, அக்காட்சி ஒரு செயலின் பயனாகக் கிடைத்தது. வினவி, எடுத்து, உடைத்துப் பெற்ற காட்சி சான்றாயிற்று. கொடுத்தவாறே ஏற்றுக்கொண்ட காட்சி கொலையில் முடிந்தது. ஆகவே துப்பறியும் கலையில் காட்சியமைப்பும் ஆடுமுறையும் தம்முள் பகைப்பன அல்ல. ஆடுமுறை என்னும் செயலால் காட்சி சான்றாக மாறுகின்றதா என்பதே அளவுகோலாதல் வேண்டும்.

3. எல்.ஏ. நுவார்

ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரிலிருந்த டீம் போண்டை நிறுவனம் உருவாக்க, ராக்ஸ்டார் கேம்ஸ் நிறுவனம் 2011ஆம் ஆண்டு மே திங்களில் வெளியிட்ட விளையாட்டு இது. கதை 1947ஆம் ஆண்டின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நிகழ்வது. கோல் பெல்ப்ஸ் என்னும் காவல்துறைத் துப்பறிவாளராக ஆடுவோர் இயங்குவர். நடிகர் ஒருவரைச் சூழ 32 கேமராக்களை அமைத்து, அவர் முகத்தின் நுண்ணிய அசைவுகளையும் பதிவு செய்யும் ‘மோஷன்ஸ்கேன்’ என்னும் முறை இதிற் கையாளப்பட்டது. கண் விலகுதல், இதழ் நடுங்குதல், எச்சில் விழுங்குதல் ஆகிய யாவும் திரையில் தோன்றும்.

இவ்வருமுயற்சி வெறும் அணிக்காகச் செய்யப்பட்டதன்று என்பதை முதற்கண் ஒப்புதல் நடுவுநிலைமையாகும். வினவப்படுவார் விடை கூறியபின், அது மெய்யா, ஐயத்திற்குரியதா, பொய்யா என ஆடுவோர் முகம் நோக்கித் துணிதல் வேண்டும். பொய் எனத் துணியின், அதனை நிறுவும் சான்றுப் பொருளையும் உடன் காட்டுதல் வேண்டும். முகக் குறிப்பும் சான்றுப் பொருளும் இணையும் இவ்விடமே இவ்விளையாட்டின் தலைசிறந்த பகுதியாகும்.

எனினும் குறைகள் மூன்று உள. முதலாவது, ‘ஐயம்’ என்பதைத் தெரிந்தெடுத்த அளவில் பெல்ப்ஸ் எதிரிலிருப்பாரைக் கடுஞ்சொல்லாற் சினந்து அதட்டுதல் உண்டு. ஆடுவோர் கருதியது ஒன்று. பாத்திரம் செய்வது மற்றொன்று. 2017ஆம் ஆண்டு மறுபதிப்பில் இம்மூன்று தெரிவுகளும் நல்ல காவலர், கெட்ட காவலர், குற்றஞ்சாட்டு எனப் பெயர் மாற்றப்பட்டமை இக்குறையை ஆக்கியோரே உணர்ந்தனர் என்பதற்குச் சான்றாகும். இரண்டாவது, கொலை நிகழ்ந்த இடத்தில் தடயம் அருகிருப்பின் இசை ஒலித்தும் கைக்கருவி அதிர்ந்தும் அறிவிக்கும். விரும்பின் இவ்வுதவியை நிறுத்தலாம் எனினும், இயல்பான அமைப்பில் கண்ணின் வேலையைச் செவியும் கையும் கவர்ந்து கொள்கின்றன. அரிதின் வரையப்பட்ட அறை முழுவதும் பின்புலமாய் நின்றுவிடுகின்றது.

மூன்றாவது குறையே பெரிது. கொலைப்பிரிவு வழக்குகளில் ஆடுவோர் சான்று தொகுத்து, ஐயுறப்பட்டாருள் ஒருவரைக் குற்றவாளியாக்குவர். பின்னர் அக்கொலைகளைச் செய்தவன் வேறொருவன் என்றும், அவனே 1947 ஜனவரியில் நிகழ்ந்து இன்றளவும் துலங்காத எலிசபெத் ஷார்ட் கொலையையும் செய்தவன் என்றும் கதை வெளிப்படுத்தும். எவ்வளவு நுணுகி ஆராய்ந்தாலும் குற்றமற்றவரையே சிறைப்படுத்தும் நிலை ஆடுவோர்க்கு விதிக்கப்பட்டுள்ளது. பாண்டியனின் பிழையை மீண்டும் மீண்டும் செய்வித்துச் சிலம்பை உடைக்கும் வாய்ப்பை மட்டும் மறுத்தல் போன்றது இது. காவல்துறையின் சீர்கேட்டைக் காட்டுதற்பொருட்டு இவ்வாறு அமைத்தனர் எனக் கொள்ளலாம். கதை என்ற அளவில் அதற்கு வலிமை உண்டு. ஆயின் முகம் நோக்கி மெய் துணிக என்று பணித்த ஆடுமுறை இதனாற் பொருளிழக்கின்றது.

4. மெய்ப்பாடும் அதன் நிலைக்களனும்

முகத்தைச் சான்றாகக் கொள்ளுதலின் எல்லையைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கொண்டு தெளியலாம். நகை முதல் உவகை ஈறாக மெய்ப்பாடு எட்டு எனக் கூறிய ஆசிரியர் அவ்வளவில் நில்லாது, ஒவ்வொன்றும் தோன்றுதற்குரிய நிலைக்களன் நந்நான்கு வகுத்தார். மெய்ப்பட்டதனைக் கூறி அமையாது, அது எதனடியாகப் பிறந்தது என்பதையும் உடன் கூறியமையே அவர்தம் நுட்பமாகும்.

அச்சத்தை எடுத்துக்கொள்வோம். வருத்தும் தெய்வம், கொடுவிலங்கு, கள்வர், தம்மை ஆள்வோர் என அதற்கு நிலைக்களன் நான்கு. காவலர்முன் நிற்கும் ஒருவன் முகத்தில் அச்சம் தோன்றின், அது செய்த குற்றத்தால் வந்ததா, காவலரையே ஆள்வோராகக் கருதியதால் வந்ததா என்பதை முகம் மட்டும் கூறாது. குற்றமற்ற ஏழையும் காவல் நிலையத்தில் நடுங்குவான். பயின்ற கள்வன் நடுங்கான். 32 கேமராக்களும் மெய்ப்பாட்டைப் பதிவு செய்யும். நிலைக்களனைப் பதிவு செய்யா. நிலைக்களனைத் தேடும் வேலை ஆடுமுறைக்கு உரியது. எல்.ஏ. நுவார் அதனை மூன்று தெரிவுகளுள் அடக்கிவிட்டமையால், அதன் முகங்கள் மெய்ப்பாடாக நிறைந்தும் சான்றாகக் குறைந்தும் நிற்கின்றன.

5. ஓப்ரா டின்

ஜப்பானில் வாழும் அமெரிக்கராகிய லூகாஸ் போப் ஆக்கிய ‘ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்’ 2018ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்தது. காணாமற்போன வணிகக் கப்பல் ஒன்று 1807இல் ஆளின்றி இங்கிலாந்தின் பால்மத் துறைக்குத் திரும்புகின்றது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சார்பில் காப்பீட்டு ஆய்வாளராக ஆடுவோர் அதன்கண் ஏறுவர். கப்பலில் இருந்த 60 பேருள் ஒவ்வொருவரும் யாவர், எவ்வாறு மாண்டனர் அல்லது எங்குச் சென்றனர், கொல்லப்பட்டிருப்பின் கொன்றவர் யாவர் என்பவற்றைக் கண்டறிந்து ஏட்டில் எழுதுதல் வேண்டும்.

கையிலுள்ள மாயக் கடிகாரம் ஒருவர் இறந்த கணத்தை மீட்டுத் தரும். முதலில் இருளில் அக்கணத்துக்கு முற்பட்ட பேச்சும் ஒலியும் கேட்கும். பின்னர் அசைவற்று உறைந்த காட்சி தோன்றும். அதனுள் ஆடுவோர் நடந்து நோக்கலாம். பழைய மக்கின்டோஷ் கணினித் திரையை நினைவூட்டும் இரு நிறக் காட்சியமைப்பே முழுதும் கையாளப்பட்டுள்ளது.

இங்கு முகம் எளிதில் உதவாது. ஏட்டிலுள்ள ஓவியத்தில் ஒருவர் முகம், அவரை அறிதற்குப் போதிய செய்தி கிடைக்குமளவும் மங்கலாகவே காட்டப்படும். உடுத்த சீருடை, அணிந்த காலணி, நின்ற இடம், பேசிய மொழி, படுத்த தூங்கு படுக்கையில் எழுதிய எண் ஆகியவையே வழிகாட்டும். அவ்வெண்ணைக் கப்பல் ஆட்பட்டியலோடு ஒப்பிட்டு நோக்கின் பெயர் கிடைக்கும். கிளிஞ்சல்மேட்டு முதியவர் கூறிய வரத்தும் நிலையும் இங்கே ஆடுமுறையாகவே அமைந்துள்ளன.

காட்சியமைப்பு எளியது, ஆதலின் ஆடுமுறை வென்றது என இதனைக் கூறுதல் பொருந்தாது. காட்சியை நீக்கின் இவ்விளையாட்டில் எஞ்சுவது ஒன்றுமில்லை. கோடு ஒவ்வொன்றும் சான்றாகும் தகுதி பெற்றிருத்தலே இதன் சிறப்பு. தமிழ்த் திரைப்படத்திலும் இதற்கு இணை உண்டு. எஸ். பாலச்சந்தர் இயக்கி 1954இல் வெளிவந்த ‘அந்த நாள்’ பாடலும் ஆடலும் இன்றி ஒரு கொலையை ஆராய்ந்தது. அணியைக் களைந்த அப்படத்தில் காட்சியின் வலிமை குன்றாது மிகுந்தமை கண்டார் அறிவர்.

ஓப்ரா டின்னிலும் குறை இல்லாமல் இல்லை. மூவரைப் பற்றிய முடிவுகள் சரியாயின் உடனே அவை உறுதி செய்யப்படும். தவறான விடைக்குத் தண்டம் இன்மையின், இருவரை ஐயமின்றி அறிந்த ஒருவர் மூன்றாமவர்க்குப் பெயரை மாற்றி மாற்றி எழுதி உண்மையைத் தற்செயலாய் அடைதல் கூடும். உய்த்துணர்தற்குரிய இடத்தில் ஊகம் புகுந்துவிடுகின்றது.

6. பெயரும் பதிவேடும்

காரைக்கால் கடற்கரையினர்க்கு இவ்விளையாட்டில் மற்றொரு குறையும் புலனாகும். ஓப்ரா டின்னின் ஆட்பட்டியலில் இந்தியக் கப்பலாட்களும் உளர். சாலமன் சையது, ரென்பிரட் ராஜுப் என்பன அவர் பெயர்களுள் சில. இவ்விருவரும் நோயால் இறப்பவர். இப்பெயர்கள் எக்கரையினர்க்கு உரியன, எம்மொழியாளர்க்கு உரியன என்று துணிதல் அரிது. ஐரோப்பிய எழுத்தர் செவிக்கு எட்டியவாறு எழுதிய பெயர்கள் எனக் கொள்ளலாமாயினும், அங்ஙனம் கொள்ளுதற்கு விளையாட்டினுள் குறிப்பு இல்லை. காலணியையும் ஆராயச் சொல்லும் நூல் பெயரை ஆராயாது விட்டது என்க.

இது சிறு குறையன்று. 1739 முதல் பிரெஞ்சுக்காரர் ஆட்சியிலிருந்து 1954இல் இந்திய ஆட்சிக்கு மாறிய காரைக்கால், பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒப்பந்தக் கூலிகள் கப்பலேறிய துறைகளுள் ஒன்று. 1854 டிசம்பர் 24 அன்று இந்தியத் தொழிலாளரைக் கொண்ட முதற் கப்பலாகிய ‘ஓரேலி’ குவாதலூப்புத் தீவை அடைந்தது. ரெயூனியன், மார்த்தினிக்குத் தீவுகளுக்கும் தமிழர் சென்றனர். ஆங்குப் பதிவேட்டில் அவர்க்கு எண் இடப்பட்டது. பெயர் பிரெஞ்சு எழுத்தில் எழுதப்பட்டது. ஒரு தனியாளின் பெயராகிய ராமசாமியும் முத்துசாமியும் வழிவழி வரும் குடும்பப் பெயர்களாக மாறி அத்தீவுகளில் இன்றும் வழங்குகின்றன. தம் முன்னோர் எவ்வூரினர் என்று தேடும் அவ்வழித்தோன்றல்கள் செய்வது, ஓப்ரா டின் ஆடுவோர் செய்வதையே ஒக்கும். கையில் ஒரு பெயர், ஓர் எண், ஒரு கப்பல், முகம் இல்லை.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கிய ஊர்களுள் கிளிஞ்சல்மேடும் ஒன்று. கடல் திருப்பித் தந்த உடலில் முகம் பயன்படாத நிலையில் உறவினர் நோக்குவன ஆடையின் கரை, அரைஞாண், மோதிரம், பச்சைக்குத்து முதலியன. இன்னார் என்று கூறுதல் அங்கே விளையாட்டன்று. ஒருவர்க்குச் செய்யும் இறுதிக் கடன். துப்பறியும் கலை தன் பயனை அடைவதும் தவறுவதும் இவ்விடத்தில்தான். ஒருவரை இன்னார் என்றும் இது செய்தார் என்றும் கூறுமுன் எவ்வளவு நோக்கினோம் என்பதை அது உணர்த்துதல் வேண்டும்.

7. முடிவுரை

எல்.ஏ. நுவார் மாந்தர் முகத்தை முழுமையாகத் தந்தது. அம்முகத்தின் பின்னுள்ள நிலைக்களனை ஆராயும் செயலை ஆடுவோர்க்குப் போதுமான அளவில் தரவில்லை. ஓப்ரா டின் சிறிது காட்டி, காட்டியது அனைத்தையும் ஆராய வைத்தது. பெயர் என்னும் சான்றில் மட்டும் அயர்ந்தது. இரண்டன் குறையும் நிறையும், காட்சி சான்றாகும் இடத்தையும் ஆகாத இடத்தையும் கொண்டே விளங்குகின்றன. காட்சியமைப்பா ஆடுமுறையா என்னும் வழக்கு அவற்றை விளக்கப் போதாது.

இக்கலையைத் திறனாயப் புகும் மாணவர்க்கு மெய்ப்பாட்டியலும் வழக்குரை காதையும் தக்க கருவிகள் ஆகும். சிலம்பு இரண்டும் புறத்தே ஒத்திருந்தன. உடைத்துக் காட்ட ஒருத்தி வந்தாள். ஆயின் அவள் வருமுன் கோவலன் இறந்துபட்டான்.