அம்பு ஏற்றும் கயிறு
(நூல் மதிப்புரை)

நூல்: தி வைல்ட் ட்ரீஸ் (ஆங்கிலம், 2007). ஆசிரியர்: ரிச்சர்ட் பிரஸ்டன்.

மரத்தில் ஏறக் கயிறு வேண்டும். கயிற்றை மாட்ட மேலே ஏற வேண்டும். கலிபோர்னியாவின் ரெட்வுட் மரங்களில் இச்சிக்கலை அறிஞர்கள் அவிழ்த்த கதையே இந்நூல்.

இம்மரங்களின் முதல் கிளையே பல மாடி உயரத்தில் இருக்கும். எனவே வில்லால் அம்பு எய்கிறார்கள். அம்பின் பின்னே தூண்டில் நரம்பு கிளையைத் தாண்டி இறங்குகிறது. அதில் மெல்லிய கயிற்றையும், பின் ஏறுகயிற்றையும் கட்டி இழுக்கிறார்கள். முதலிலேயே கனமான கயிற்றைக் கட்டினால் அதன் எடையே அம்பைக் கீழே இழுத்துவிடுமல்லவா?

இவ்வாறு ஏறியவர்கள் கிளைகளின் மேல் மண்ணையும், அதில் பெரணிகளையும் கண்டார்கள். 2006இல் கண்டறியப்பட்ட ‘ஹைபீரியன்’ மரத்தின் உயரம் ஏறத்தாழ 116 மீட்டர், தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைப்போல் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு!

நூலில் ஒரு குறை உண்டு. 1987இல் ஸ்டீவ் சில்லட் என்ற மாணவர் கயிறின்றி ஏறி, சிறு மரத்திலிருந்து பெரு மரத்தின் கிளைக்குத் தாவினார். பின்னாளில் புகழ்பெற்ற அறிஞரான அவரது தாவலை ஆசிரியர் வீரச்செயலாகவே வருணிக்கிறார். இளம் வாசகர் மனத்தில் கயிற்றைவிடத் தாவலே பதியும்.

காவிரிப் படுகை வாசகர் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். தென்னைக்குக் கிளை இல்லை. மட்டை வெறும் இலையே, முற்றினால் கழன்று விழும். அதில் கயிறு போடுவது உயிருக்கே ஆபத்து. சாலையோரத் தூங்குமூஞ்சி மரத்திலும் கிளையின் உறுதியைச் சோதித்த பிறகே ஏற வேண்டும்.

இந்த எச்சரிக்கையுடன் படித்தால் நல்ல நூல். தமிழில் வரவேண்டும்.