முள்ளங்கித் தோட்டத்தில் விழுந்த ராக்கெட்

வள்ளியூர், பணகுடி பக்கம் சொந்தக்காரர்கள் இருந்தால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மகேந்திரகிரி அடிவாரத்தில் இஸ்ரோ ராக்கெட் எஞ்சின்களைக் கட்டிப்போட்டு எரியவிட்டுச் சோதிக்கிறது. 2022 ஜனவரியில் ககன்யானுக்கான கிரையோஜெனிக் எஞ்சினை 720 விநாடி ஓடவிட்டார்கள். சரி, அந்தப் பக்கத்து ஏழாம் வகுப்புப் பையன் ஒருத்தன் 'ராக்கெட்ல போற கதை ஏதாவது இருக்கா அண்ணாச்சி?' என்று கேட்டால் எதை எடுத்துக் கொடுப்பீர்கள்? சுஜாதாவின் ஜீனோ இருக்கிறது. ஆனால் 'என் இனிய இயந்திரா' பூமியில் நடக்கிற கதை.

நான் ஒரு வங்காளிக் கதையைச் சிபாரிசு செய்கிறேன். கொஞ்சம் தயக்கத்தோடு.

சத்யஜித் ராய் என்றதும் நமக்கு 'பதேர் பாஞ்சாலி' ஞாபகம் வரும். அவர் தாத்தா உபேந்திரகிஷோர் 1913-ல் 'சந்தேஷ்' என்று ஒரு சிறுவர் பத்திரிகை தொடங்கினார். இடையில் நின்றுபோன அதை ராய் 1961-ல் கவிஞர் சுபாஷ் முகோபாத்யாயோடு சேர்ந்து மறுபடி கொண்டுவந்தார். ககாரின் விண்வெளிக்குப் போன அதே வருஷம். அதில் ராய் எழுதியதுதான் 'பியோம்ஜாத்ரீர் டைரி', அதாவது விண்வெளிப் பயணியின் நாட்குறிப்பு. புரொபசர் ஷோங்கு அறிமுகமான கதை. கோபா மஜும்தார் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்திலும் உண்டு.

பி.காம். படித்தவன் புத்தி, வரவு செலவு போட்டுப் பார்த்துவிடலாம்.

முதலில் வரவு. ஷோங்குவின் முந்தைய ராக்கெட் பக்கத்து வீட்டு அவினாஷ் பாபுவின் முள்ளங்கித் தோட்டத்தில் விழுகிறது. மனிதர் நஷ்டஈடு கேட்கிறார்! செவ்வாய்க்குப் புறப்படும் கோஷ்டியைப் பாருங்கள்: ஷோங்கு, வேலைக்காரன் பிரஹ்லாத், நியூட்டன் என்ற பூனை, விதுசேகர் என்ற ரோபோ. ஆளுக்கு எத்தனை மணங்கு எடை என்று கணக்குப் பார்த்து ஏற்றுகிறார்கள். விண்வெளியைப் பார்த்து பிரஹ்லாத் வாயைப் பிளப்பதில்லை. அவன்பாட்டுக்குப் புராணம் படித்துக்கொண்டு வருகிறான். நம்ம வீட்டு ஆட்கள் ராக்கெட்டில் ஏறினால் இப்படித்தானே இருப்பார்கள்?

இனி செலவு. அந்த ராக்கெட் எதில் செய்தது தெரியுமா? நாய்க்குடை, பாம்புச் சட்டை, ஆமை முட்டை ஓடு. சிரிக்கலாம்தான். ஆனால் எதை எதோடு கலந்தாலும் காரியம் நடக்கும் என்றால், பிறகு ஆபத்து வரும்போது யார் பயப்படுவார்கள்? செவ்வாயில் கொய்யா ஜெல்லி மாதிரி ஆறு ஓடுகிறது, நீலப் புல் முளைக்கிறது. ஆற்றுக்கே தாமிரத்தின் பெயரை வைத்த ஊர்க்காரர்கள் அந்தக் கரையில் கொஞ்சம் நிற்க ஆசைப்படுவோம். ராய் நிற்க விடமாட்டார். மீன் நாற்றமடிக்கும் ஜந்துக்கள் துரத்த, நாலே பக்கத்தில் ஓட்டம் பிடிக்க வேண்டியதுதான். அப்புறம் 'டாஃபா' என்ற வேறொரு கிரகம். அங்கே போக ஷோங்கு ஒரு துரும்பைக்கூட அசைக்கவில்லை. கப்பல் தானாகப் போய்ச் சேர்கிறது. பதின்மூன்று வயது வாசகனுக்குத் தன் வயசுக்காரன் ஒருத்தன்கூட கதையில் கிடையாது.

இருந்தும் கடைசிப் பக்கம் மொத்த நஷ்டத்தையும் ஈடுகட்டிவிடுகிறது. டாஃபாவாசிகள் எறும்பு மாதிரி. ஷோங்குவின் விஞ்ஞானத்தை அவர்கள் மதிப்பதே இல்லை. கோபத்தில் தன் மூக்குப்பொடித் துப்பாக்கியை எடுத்து அடிக்கிறார். அடிபட்டவன் மணிக்கணக்கில் தும்ம வேண்டும். ஒன்றும் ஆகவில்லை. காரணம், அவர்கள் இன்னும் தும்மவே கற்றுக்கொள்ளவில்லை! மேதாவியின் கர்வத்தை இதைவிட லேசாகக் கிள்ள முடியுமா?

இன்னொரு விஷயம். 1965-ல் மாரினர்-4 செவ்வாயைப் படமெடுத்து அனுப்பியது. ஆறு இல்லை, புல் இல்லை, வெறும் பள்ளங்கள். ராயின் கதைக்கு ஒரு கீறலும் விழவில்லை, ஏனென்றால் அது விஞ்ஞானத்தை நம்பி நிற்கவில்லை. ஐசக் அஸிமோவ் பாடு வேறு. 1950-களில் 'பால் ஃபிரெஞ்ச்' என்ற புனைபெயரில் பையன்களுக்காக லக்கி ஸ்டார் நாவல்கள் எழுதி, வெள்ளியில் சமுத்திரமே விட்டார். பிற்பாடு வந்த பதிப்புகளில், விஞ்ஞானம் மாறிவிட்டது என்று முன்னுரை போட வேண்டியதாயிற்று.

ஆக, நூற்றுக்கு ஐம்பத்தைந்து போடலாம். பாஸ், அவ்வளவுதான்.

ஆனால் அந்த ஐம்பத்தைந்து மார்க்கோடு ராயை யாரும் வீட்டுக்கு அனுப்பவில்லை. சந்தேஷ் இருந்தது, அடுத்தது எழுதினார். முப்பதுக்கு மேல் ஷோங்கு கதைகள் வந்தன. போகப் போக மெருகேறின. நம்மிடம் அம்புலிமாமாவே நின்றுபோயிற்று. முதல் கதையைச் சுமாராக எழுதுகிறவர் இரண்டாவதை எங்கே எழுதிப் பழகுவார், சொல்லுங்கள்?

குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியாகிவிட்டது. கதை எழுதத்தான் ஆள் வேண்டும். சுமாராக எழுதினாலும் பரவாயில்லை, வாங்கிப் படித்துவிட்டுத் திட்டலாம்.