வரையப்பட்ட சாட்சியமும் ‘ஆம்’ என்னும் இடைச்சொல்லும்: ஜோ சாக்கோவின் காசா நூலை முன்வைத்து

சூயஸ் போரின்போது, எகிப்தின் நிருவாகத்திலிருந்த காசாவை இஸ்ரேலியப் படை கைப்பற்றியது. 1956 நவம்பர் 3ஆம் நாள் கான் யூனிசிலும் 12ஆம் நாள் ரஃபாவிலும் பாலஸ்தீன ஆண்கள் பெருந்தொகையில் கொல்லப்பட்டனர். ஐ.நா. அகதிகள் நல முகமை பொதுச்சபைக்கு அளித்த அறிக்கை முதல் ஊரில் 275 பேரையும் இரண்டாவதில் 111 பேரையும் கணக்கிடுகிறது. எதிர்ப்பு இருந்தது என்னும் இஸ்ரேலியத் தரப்பையும், எதிர்ப்பு முற்றிலும் ஓய்ந்திருந்தது என்னும் அகதிகள் தரப்பையும் அவ்வறிக்கை அருகருகே வைத்துவிட்டு நின்றுவிடுகிறது. அது நின்ற இடத்திலிருந்து தொடங்குகிறது, மால்டாவில் பிறந்த ஜோ சாக்கோ 2009இல் வெளியிட்ட ‘ஃபுட்நோட்ஸ் இன் காசா’ என்னும் சித்திரக்கதை இதழியல் நூல். 2001இல் கிறிஸ் ஹெட்ஜஸுடன் அவர் காசாவுக்குச் சென்றதன் விளைவாக ‘ஹார்பர்ஸ்’ இதழில் வந்த கட்டுரையில் கான் யூனிஸ் 1956 பற்றிய பகுதி நீக்கப்பட்டது. அடிக்குறிப்பாகவும் எஞ்சாத ஒன்றுக்கு நானூறு பக்கங்களுக்கு மேல் ஒதுக்கிய நூலுக்கு ‘அடிக்குறிப்புகள்’ என்று பெயரிட்டதில் உள்ள கசப்பு கவனிக்கத்தக்கது.

இந்நூல் பற்றிய பேச்சு பெரும்பாலும் அதன் அரசியல் நிலைப்பாட்டைச் சுற்றியே அமைகிறது. இங்கு எடுத்துக்கொள்ளப்படுவது வேறொரு சிக்கல். ‘சுட்டார்கள்’ என்பதற்கும் ‘சுட்டார்களாம்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ் ஓர் இடைச்சொல்லால் காட்டிவிடுகிறது. கண்டவர் சொல்லும் கேட்டவர் சொல்லும் அங்கே பிரிந்து நிற்கின்றன. ஓவியத்திற்கு அத்தகைய ‘ஆம்’ இல்லை. கோட்டால் வரைந்த துப்பாக்கி சுட்டுக்கொண்டேதான் இருக்கும். அரை நூற்றாண்டுக்குப் பிந்தைய முதியோர் நினைவை மட்டும் பற்றுக்கோடாகக் கொண்டவர், இந்தக் குறையை எப்படி ஈடுசெய்கிறார்?

அவருடைய முதன்மை உத்தி முகம். 1956இன் காட்சிகளுக்கிடையே, பேசுபவரின் இன்றைய சுருக்கம் விழுந்த முகம் சிறு கட்டமாக வந்து அமர்கிறது. அந்த முகமே படத்தின் ‘ஆம்’. ரஃபாவில் ஆண்கள் பள்ளிக்கூடத்திற்கு ஓட்டிச் செல்லப்பட்டு வாயிலில் தடியால் அடிக்கப்படும் பகுதியில் இது மிகச் சிறப்பாக இயங்குகிறது. ஒரே வாயிலை, ஒரே தடியடியைப் பலர் தனித்தனியே சொல்லச் சொல்ல, சலிப்பூட்ட வேண்டிய கூறியது கூறல் சான்றின் எடையாக மாறுகிறது. தம்முள் முரணும் நினைவுகளையும் அவர் மறைப்பதில்லை. உடன்பிறந்தோரின் சாவின்போது தாம் அங்கிருந்ததாக ஒருவர் சொல்ல, பிறர் அதனை மறுக்கும் இடத்தை விரிவாகவே காட்டி, உறுதிப்படாதது எது, உறுதிப்பட்டது எது என்று பிரிக்கிறார்.

ஆயினும் சிக்கல் முழுமையாகத் தீர்வதில்லை. அக்கால முகாம் வீடுகளை வரைய ஐ.நா. முகமையின் பழைய ஒளிப்படங்கள் அவருக்கு உதவின. கொலைக் காட்சிகளுக்குப் பேச்சு மட்டுமே துணை. ஆவணத்திலிருந்து எடுத்த கூரையும் நினைவிலிருந்து எடுத்த உடலும் ஒரே நுண்கோட்டுப் பின்னலில் வருகின்றன. கான் யூனிஸ் சுவரோரம் கிடக்கும் உடல்களைக் காணும் வாசகர் எது எவ்வகைச் சான்று என்று கண்ணால் பிரிக்க இயலாது. எழுத்து காட்டும் நிதானம் கோட்டில் இல்லை. ஆய்வாளர்கள் இந்நூலை வாய்மொழி வரலாற்று மூலமாக எடுத்தாளும்போது படத்தை மேற்கோளாகக் கொள்ளாமல், அதனோடு வரும் சொற்பகுதியையும் நூலின் பின்னிணைப்பு ஆவணங்களையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இறுதிப் பக்கங்கள் இவ்விவாதத்தை இன்னும் கடினமாக்குகின்றன. சாட்சியங்களைத் திரட்டி, ஒப்பிட்டு, அட்டவணையிடும் முனைப்பில் எதையோ இழந்துவிட்டதாகச் சாக்கோ வெட்கப்படுகிறார். அதன்பின் சொற்கள் நின்றுவிடுகின்றன. விவரணைப் பெட்டியும் இல்லை, முதியவர் முகமும் இல்லை. ஓட்டிச் செல்லப்படும் ஒருவனின் கண்வழியே நாம் அந்த நாளைப் பார்க்கிறோம். நூல் முழுதும் காத்துவந்த ‘ஆம்’ அங்கே கைவிடப்படுகிறது. இதழியல் நெறிப்படி இது மீறலே. ஆனால், முந்தைய பக்கங்களில் யார் கண்டார், யார் கேட்டார் என்று அத்தனை பொறுமையாகச் சொன்னவருக்கே இந்த மீறல் உரித்தாகும் என்பது என் கருத்து. அதே மௌனப் பக்கங்கள் நூலின் தொடக்கத்தில் வந்திருந்தால் வெறும் கற்பனையாகவே நின்றிருக்கும்.