பேருந்திலிருந்து இறக்கப்பட்டவர்கள்

நிர்வாகவியல் புத்தகங்களை நம் இலக்கிய வட்டாரத்தில் யாரும் விமர்சனத்துக்கு எடுப்பதில்லை. ‘அதெல்லாம் ஏர்போர்ட்டில் விக்கிற சரக்கு’ என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் ஒரு நாவல்கூடப் படிக்காத சம்பளக்காரர் இந்த வகைப் புத்தகம் ஒன்றையாவது புரட்டியிருப்பார். புரட்டாதவரும் அதன் சொற்களை ஆபீஸ் மீட்டிங்குகளில் கேட்டிருப்பார். இத்தனை பேருடைய பிழைப்பைத் தொடுகிற எழுத்தை மற்ற எழுத்தைப் போலவே நிதானமாக வாசித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அதனால் ஜிம் காலின்ஸ் 2001இல் வெளியிட்ட ‘குட் டு கிரேட்’டைச் சமீபத்தில் மறுபடியும் முதலிலிருந்து கடைசிவரை படித்தேன்.

காலின்ஸ் ஸ்டான்ஃபோர்டின் வணிகப் பள்ளியில் பாடம் நடத்தியவர். பிறகு கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரில் சொந்தமாக ஒரு ஆய்வுக்கூடம் வைத்துக்கொண்டார். அவருடைய கேள்வி எளிமையானது: சுமாராக ஓடிக்கொண்டிருந்த கம்பெனி எப்படி மகத்தான கம்பெனியாகிறது? விடை தேட அவரும் அவருடைய குழுவும் ஐந்து வருஷம் உழைத்தார்கள். 1,435 கம்பெனிகளை எடுத்துக்கொண்டு சலித்தார்கள். சல்லடை இதுதான்: 15 வருஷம் பங்குச் சந்தையின் சராசரி அளவிலோ அதற்குக் கீழோ இருந்திருக்க வேண்டும், அதற்கடுத்த 15 வருஷத்தில் சந்தையைப் போல மூன்று மடங்காவது ஈட்டியிருக்க வேண்டும். தேறியவை 11. ஒவ்வொன்றுக்கும் அதே தொழிலில் தேறாத ஒரு கம்பெனியை ஜோடியாக வைத்து ஒப்பிட்டார்கள். இந்த வகைப் புத்தகங்களில் இவ்வளவு பாடுபட்டவை குறைவு. அதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

காலின்ஸுக்கு உவமை நன்றாக வரும். முள்ளெலி, கனத்த சக்கரம் என்று அவர் சொன்னவை எல்லாம் நிலைத்துவிட்டன. எல்லாவற்றையும்விட அதிக தூரம் போனது பேருந்து. கம்பெனி ஒரு பேருந்து. எங்கே போவது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் சரியான ஆட்களை ஏற்று, தவறான ஆட்களை இறக்கு, ஏறியவர்களைச் சரியான இருக்கையில் உட்காரவை. இதுதான் போதனை.

அந்தப் 11 கம்பெனிகளில் முதலிடம் சர்க்யூட் சிட்டிக்கு. வெர்ஜீனியாவின் ரிச்மண்டைத் தலைமையிடமாகக் கொண்டு, டிவி, ரேடியோ போன்ற சாமான்கள் விற்ற கடைத்தொடர். 1982 தொடங்கி 15 வருஷத்தில் சந்தையைப் போல 18.5 மடங்கு ஈட்டியது. அதை நடத்திய ஆலன் வுர்ட்செல், சரியான ஆட்களைச் சேர்த்ததற்கு உதாரண புருஷராகப் புத்தகத்தில் வருகிறார்.

2007 மார்ச்சில் இதே சர்க்யூட் சிட்டி, கடைகளில் வேலை பார்த்த சுமார் 3,400 பேரை ஒரே அறிவிப்பில் நீக்கியது. அவர்கள் வேலையில் குறை இருந்ததாகக் கம்பெனி சொல்லவில்லை. சந்தை நிலவரத்தைவிட அதிகச் சம்பளம் வாங்குகிறார்கள் என்பதுதான் சொன்ன காரணம். அந்த இடங்களுக்குக் குறைந்த சம்பளத்தில் புது ஆட்கள் எடுக்கப்பட்டார்கள். 2008 நவம்பரில் கம்பெனி திவால் மனு போட்டது. 2009இல் எல்லாக் கடைகளும் மூடப்பட்டு, 30,000க்கும் மேற்பட்டோருக்கு வேலை போனது.

இதை வைத்துக் காலின்ஸைக் கேலி செய்வது சுலபம். நிறைய பேர் செய்தார்கள். அது நியாயமில்லை. 2007இல் கம்பெனியை நடத்தியவர்கள் வேறு ஆட்கள். வுர்ட்செல் தலைமைப் பதவியை விட்டு இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. தவிர, ஆட்குறைப்பை ஒரு உத்தியாகக் கையாள்வதைக் காலின்ஸ் ஆதரிக்கவில்லை. கறாராக இரு, கொடூரமாக இராதே என்பதுதான் புத்தகத்தின் நிலை. 2009இல் அவரே ‘ஹவ் தி மைட்டி ஃபால்’ எழுதி, சர்க்யூட் சிட்டி விழுந்ததை அலசினார். வீழ்ச்சிக்கு ஐந்து படிகள். முதல் படி, வெற்றி தந்த இறுமாப்பு.

எனக்கு இடறுவது இந்த இடத்தில்தான். கம்பெனி ஏறும்போது தலைவருடைய தெளிவு தெரிகிறது, சறுக்கும்போது இறுமாப்பு தெரிகிறது. முடிவு தெரியாத காலத்தில் அதே தெளிவும் இறுமாப்பும் நம் கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியுமா?

தெரியாது என்பதற்கு வணிகப் பள்ளி ஆய்வே ஒரு சான்றை வைத்திருக்கிறது. 1975இல் பேரி ஸ்டா என்ற ஆய்வாளர் மாணவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து, ஒரு கம்பெனியின் கணக்குகளைக் கொடுத்து, அடுத்து விற்பனை எவ்வளவு இருக்கும் என்று கணிக்கச் சொன்னார். பிறகு சில குழுக்களிடம் ‘பிரமாதம்’ என்றும் சில குழுக்களிடம் ‘மோசம்’ என்றும் சொன்னார். உண்மையில் யார் எப்படிச் செய்தார்கள் என்பதற்கும் அந்தத் தீர்ப்புக்கும் சம்பந்தமே இல்லை, குலுக்கல் மாதிரிதான். அப்புறம் ‘உங்கள் குழு எப்படி வேலை செய்தது?’ என்று கேட்டார். பிரமாதம் என்று கேட்டவர்கள் ஒற்றுமையாக இருந்தோம், மனம்விட்டுப் பேசினோம், உற்சாகமாகச் செய்தோம் என்றார்கள். மோசம் என்று கேட்டவர்கள் அவை தங்களிடம் குறைவாக இருந்ததாகச் சொன்னார்கள். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நினைவிருந்தது.

காலின்ஸின் குழு நம்பியிருந்த மூலங்களில் முக்கியமானவை கம்பெனி உயர் அதிகாரிகளின் பேட்டிகளும் பழைய பத்திரிகைக் கட்டுரைகளும். அதாவது ‘பிரமாதம்’ என்று உலகம் சொன்ன பிறகு நினைவுகூர்ந்தவர்களின் சொல். சுவிட்சர்லாந்தின் ஐ.எம்.டி. பள்ளியில் பேராசிரியராக இருந்த ஃபில் ரோசன்ஸ்வைக், 2007இல் ‘தி ஹேலோ எஃபெக்ட்’ புத்தகத்தில் வைத்த விமர்சனத்தின் சாரம் இதுதான்: மூலத்திலேயே வெற்றியின் ஒளி படிந்துவிட்டால், எத்தனை மூட்டை ஆவணம் சேர்த்தாலும் பயனில்லை.

நம் ஊர்க்காரருக்கு இது புதிதா என்ன? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை நமக்குத் தெரியும். ஸ்தல புராணமும் தெரியும். கோயில் பெயர் பெற்ற பிறகுதான் புராணம் எழுதப்படும். எழுதியவர் கண்ணுக்கு அந்தத் தலத்தின் ஒவ்வொரு கல்லும் பெருமைக்குக் காரணமாகத் தெரியும். புராணத்தைப் புராணமாக வாசித்தால் அழகுண்டு, பயனும் உண்டு. வீடு கட்டும் வரைபடமாக வாசித்தால்தான் ஆபத்து.

ஆபத்து யாருக்கு என்பதுதான் என் முக்கியமான கேள்வி. இந்தப் புத்தகத்தில் ‘நீங்கள்’ என்று வரும் இடங்களிலெல்லாம் வாசகர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருக்கிறார். யாரை ஏற்றுவது, யாரை இறக்குவது என்று அவர் யோசிக்கிறார். ஆனால் வாசிக்கிறவர்களில் மிகப் பெரும்பாலோர் பயணிகள். மாதத் தவணை கட்டுகிறவர்கள். பயணியைச் சில மணி நேரம் ஓட்டுநராக உணரவைப்பதுதான் இந்த வகை எழுத்தின் வசியம். தன்னை இறக்குவதற்கான நியாயத்தை அவர் தன் காசில் வாங்கி, அடிக்கோடு போட்டுப் படிக்கிறார்.

முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒரு பெரிய அதிகாரி எங்களைக் கூட்டி இந்தப் பேருந்தைப் பற்றிப் பேசினார். எல்லோரும் தலையாட்டினோம், ஒவ்வொருவரும் தான் உள்ளே இருப்பதாகவே நினைத்தோம். பத்து நாளில் எங்கள் வரிசையில் நான்கு பேர் இல்லை. அதில் ஒருவர் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கெல்லாம் வேலை கற்றுக்கொடுத்த மூத்தவர். பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது என்னிடம், “ஏன் தம்பி, பஸ் எங்க போகுதுன்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்லையேப்பா?” என்றார். ‘கறாராக இரு, கொடூரமாக இராதே’ என்ற வரியை அந்தக் கூட்டத்தில் யாரும் சொல்லவில்லை. உவமை மட்டும்தான் வந்து சேர்ந்திருந்தது.

அப்படியானால் இந்தப் புத்தகங்களைப் படிக்கவே வேண்டாமா? படிக்கலாம். படிக்கும்போது மூன்று விஷயம் கேட்டுக்கொண்டால் போதும். இதே குணங்களோடு தோற்றவர்களையும் தேடினார்களா? அந்தக் குணம், முடிவு தெரிவதற்கு முன்பே பதிவானதா, அல்லது பிறகு நினைவுகூரப்பட்டதா? சொல்கிறவர் பேருந்தில் எங்கே உட்கார்ந்திருக்கிறார்? முதல் இரண்டையும் ஆய்வாளர்கள் கேட்டுவிட்டார்கள். மூன்றாவது, இலக்கியம் படிக்கிறவர்களுக்கு இயல்பாகவே வர வேண்டிய கேள்வி. கதையை யார் சொல்வது என்று பார்க்காமல் நாம் ஒரு சிறுகதையைக்கூட மதிப்பிடுவதில்லை.

சர்க்யூட் சிட்டியைப் பற்றி வுர்ட்செல்லும் 2012இல் ஒரு புத்தகம் எழுதினார். நிறுவிய குடும்பத்தின் பார்வை அது, நேர்மையான முயற்சிதான். காலின்ஸும் இரண்டு முறை எழுதிவிட்டார். 2007 மார்ச்சில் நீக்கப்பட்ட அந்த 3,400 பேரும் தினமும் கடைத் தளத்தில் நின்றவர்கள். எந்தச் சாமான் திரும்பி வருகிறது, எந்த வாடிக்கையாளர் எதைக் கேட்டுவிட்டு வாங்காமல் போகிறார் என்று நேரில் பார்த்தவர்கள். அவர்கள் பக்கத்திலிருந்து எழுதப்பட்ட ஒரு நிர்வாகவியல் புத்தகம் வந்தால், நான் காசு கொடுத்து வாங்குவேன்.