அசையழுத்தமும் உருபன் எல்லையும்: மருத்துவக் கலைச்சொற்களின் ஒலிபெயர்ப்பு

கிரேக்க வேர்களைக் கொண்டு, இலத்தீன் வடிவம் பெற்று, ஆங்கிலத்தின் வழியே நம்மை வந்தடைந்த மருத்துவக் கலைச்சொற்களைத் தமிழில் எழுதுவோர் பெரும்பாலும் செவியையே சான்றாகக் கொள்கின்றனர். இம்முறை உருபன்களின் அடையாளத்தை மறைத்துவிடுகிறது.

'கார்டியோகிராம்', 'கார்டியாலஜி' என்னும் இரண்டையும் நோக்குக. முன்னதில் ஓகாரம், பின்னதில் ஆகாரம். மூலத்தில் இரண்டும் ஒன்றே. இதயத்தைக் குறிக்கும் 'கார்டி' என்னும் பகுதியை வருமொழியோடு இணைக்கும் பொருளற்ற உயிர் அது. நம் இலக்கணிகள் கூறும் சாரியையோடு ஒப்பிடத் தக்கது. 'கார்டியாலஜி' போன்ற சொற்களில் ஆங்கில அழுத்தம் ஈற்றிலிருந்து மூன்றாம் அசையில் விழுகிறது. அவ்விடத்தில் இந்த இணைப்புயிர் நிற்பதால், பொருளற்ற கூறே சொல்லில் மிக ஓங்கி ஒலிக்கிறது. அதனை நாம், 'டாக்டர்', 'காலேஜ்' என எழுதிப் பழகியவாறே, ஆகாரமாக்குகிறோம். சொல்லின் பொருளை வேறுபடுத்தும் அழுத்தம் தமிழில் இல்லை. ஆகவே ஆங்கிலத்தின் அழுத்தம் தமிழெழுத்தில் நெடிலாக உறைந்து விடுகிறது. 'ஆலஜி' என்பதே பின்னொட்டு என்னும் மயக்கம் இதனால் எழுந்ததே.

மக்கள் வழக்கு சிலவிடத்து இதனினும் செம்மையானது. 'லேப்ரோஸ்கோப்பி' என்பதில் ஆங்கிலேயர் அழுத்தும் உயிரும் ஓகாரமாகவே நிற்கிறது. 'கார்டியோலஜி' என எழுதுவதில் தவறில்லை என்பதே என் கருத்து.

எனினும் ஒலிபெயர்ப்பைத் திருத்துவதால் மட்டும் தீராத இடங்களும் உள. இரைப்பையைக் கீறித் திறத்தல் 'கேஸ்ட்ராடமி'. வயிற்றுச் சுவரின் வழியே இரைப்பைக்குத் திறப்பு அமைத்தல் 'கேஸ்ட்ராஸ்டமி'. இரைப்பையை முழுமையாகவோ பகுதியாகவோ அகற்றுதல் 'கேஸ்ட்ரெக்டமி'. முதலிரண்டையும் பிரிப்பது ஒரு ஸகர மெய்யே. வெட்டுதலைக் குறிக்கும் வேர் ஒன்றிலும், வாயைக் குறிக்கும் வேர் மற்றொன்றிலும் உள்ளமை செவிக்குப் புலப்படுவதில்லை. மூன்றாவதில் வருமொழி உயிர்முதலாதலின் இணைப்புயிர் கெடுகிறது. 'வெளியே' எனப் பொருள்படும் 'எக்' என்பதன் எகரம் முன்னின்ற ரகர மெய்யின்மேல் ஏறி 'ரெ' என ஓரெழுத்தாகிறது. உரோமன் எழுத்தில் கண்ணுக்குப் புலனாகும் உருபன் எல்லை, உயிர்மெய் எழுத்தினுள் புதைந்து போகிறது!

அறுவைக்கு இசைவு கோரும் படிவத்தில் இவற்றை ஒலிபெயர்த்து மட்டும் அச்சிடுவது முறையன்று. கையொப்பமிடுபவர், தம் இரைப்பை கீறப்படுகிறதா, அதற்குத் திறப்பு வைக்கப்படுகிறதா, அது அகற்றப்படுகிறதா என்பதை அறிய வேண்டும். இரைப்பைக் கீறல், இரைப்பைத் திறப்பு அமைத்தல், இரைப்பை நீக்கம் எனத் தமிழில் தந்து, ஒலிபெயர்ப்பை அவற்றின் பின்னர் வைக்கலாம்.