சிறு கட்சியும் கூட்டாட்சியும்: அயர்லாந்துப் பசுமைக் கட்சி பற்றிய ஒரு நோக்கு

பெருங் கட்சியோடு கூடும் சிறு கட்சி அழிந்துபோகும் என்பது அரசியல் விமர்சகரிடையே வாய்பாடு போல வழங்கிவரும் கருத்தாகும். அதற்குச் சான்றாக அயர்லாந்துப் பசுமைக் கட்சியைக் காட்டுவோர் பலர். 2007இல் ஆட்சியிற் பங்குகொண்ட அக்கட்சி 2011இல் ஓர் ஆசனமுமின்றி நின்றது. 2020இல் மீண்டும் பங்குகொண்டது. 2024இல் அதன் பன்னிரண்டு ஆசனங்கள் ஒன்றாகக் குறைந்தன. கணக்கு நேரானதே. ஆயின் இவ்விரு கூட்டுக்களையும் ஒரே தராசில் நிறுப்பது பொருந்தாது.

1981இல் கிறிஸ்டோபர் ஃபெற்ஸ் என்னும் பாடசாலை ஆசிரியரின் முயற்சியாற் சூழலியற் கட்சியாகத் தோன்றிய இவ்வமைப்பு, 1989இல் றோஜர் கார்லண்ட் மூலம் முதலாவது பாராளுமன்ற ஆசனத்தைப் பெற்றது. பிற கட்சியினரின் இரண்டாம், மூன்றாம் விருப்பு வாக்குகளும் கைகொடுக்கும் தேர்தல் முறையே இச்சிறு கட்சியை வாழவைத்தது எனலாம். 2002இலும் 2007இலும் அது ஆறு ஆசனங்களைப் பெற்றது.

2007இல் ஃபியனா ஃபோல் கட்சியோடு ஆட்சியமைக்கத் தலைமை தாங்கேன் என்று முன்னரே கூறியிருந்த ட்றெவர் சார்ஜன்ற், கூட்டு உறுதியானதும் தலைமைப் பதவியைத் துறந்தார். துறந்தவர் அவ்வரசிலேயே இராஜாங்க அமைச்சரானமை சுவையான முரண். எனினும் மெய்யான பலவீனம் வேறிடத்தில் இருந்தது. 166 உறுப்பினர் கொண்ட சபையில் 78 ஆசனங்களை வைத்திருந்த ஃபியனா ஃபோல், சுயேச்சையாளர் முதலியோரின் துணையோடு பசுமைக் கட்சியின்றியும் ஆட்சி நடத்தக்கூடிய நிலையில் இருந்தது. இன்றியமையாதவரல்லாதார் நிபந்தனை விதிப்பது எங்ஙனம்? அமெரிக்கப் படையினர் ஷனன் விமான நிலையத்தைப் பயன்படுத்துவதைக் கட்சி எதிர்த்துவந்தது, அது தொடர்ந்தது. தொன்மைமிக்க தாரா மலையருகே செல்லும் நெடுஞ்சாலையையும் எதிர்த்தது. சுற்றாடல் அமைச்சரான ஜோன் கோர்ம்லியோ, முன்னைய அமைச்சர் ஒப்பமிட்டுச் சென்றதை மாற்றத் தமக்குச் சட்ட அதிகாரமில்லை என்றார். 2010இல் அவ்வீதி திறக்கப்பட்டது.

கிடைத்தவையும் உண்டு. தொன்னுக்கு 15 யூரோ என்ற காபன் வரி அவற்றுள் தலையாயது. ஆயினும் வாக்காளர் தண்டித்தது சூழலியலுக்காக அன்று. 2008 செப்டெம்பரில் ஆறு வங்கிகளின் ஏறத்தாழ 44,000 கோடி யூரோ பொறுப்புக்களுக்கு அரசு உத்தரவாதம் அளித்தபோது பசுமை அமைச்சரும் அவ்வமைச்சரவையில் இருந்தனர். சர்வதேச நாணய நிதியத்திடமும் ஐரோப்பிய ஒன்றியத்திடமும் கடன் பெறும் நிலை வரும்வரை இருந்தனர். 2011 தேர்தலிற் கட்சி பெற்றது 1.8 வீத வாக்குகளே. 2 வீதத்துக்குக் கீழே விழுந்தமையால் அரச நிதியும் நின்றது.

2020இன் நிலை வேறு. ஃபியனா ஃபோலும் அதன் பரம்பரை எதிரியான ஃபின கேலும் கூடியும் 160 பேர் கொண்ட சபையில் 73 ஆசனங்களே சேர்ந்தன. பன்னிரண்டு ஆசனங்களின் பெறுமதியை ஈமன் றயன் தலைமையிலான கட்சி இம்முறை நன்கறிந்திருந்தது. ஆண்டுக்குச் சராசரி 7 வீத வாயு வெளியேற்றக் குறைப்பு என்று எண்ணாலே நிபந்தனை விதித்தது. 2018ஆம் ஆண்டின் வெளியேற்றத்தை 2030க்குள் 51 வீதத்தாற் குறைத்தல் 2021இற் சட்டமாயிற்று. நல்லெண்ண வாக்குறுதிக்கும் சட்டத்தில் எழுதப்பட்ட எண்ணுக்கும் உள்ள வேறுபாட்டை முதற் கூட்டே இக்கட்சிக்குக் கற்பித்தது எனல் மிகையாகாது.

ஆசன எண்ணிக்கையை மட்டும் நோக்குவோர் இவ்வேறுபாட்டைக் காணார். எனினும் அவர்களுக்கு எதிராக வாதிடுவோரும் ஒன்றை மறத்தலாகாது. 2025இல் அந்நாட்டுச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் வெளியிட்ட கணிப்பின்படி 2030க்குள் எட்டக்கூடிய குறைப்பு 23 வீதம் வரையிலேயே ஆகும். அவ்வாண்டு சனவரியில் அமைந்த அரசில் ஃபியனா ஃபோலும் ஃபின கேலும் தமக்கு வேண்டிய எஞ்சிய ஆசனங்களைச் சுயேச்சையாளரிடம் பெற்றுக்கொண்டன. சட்டம் ஏட்டில் இருக்கின்றது. அதனை நிறைவேற்றுமாறு சபையில் வற்புறுத்தப் பசுமைக் கட்சிக்கு எஞ்சியிருப்பது ஒரேயோர் ஆசனம்.