பார்சல் என்னும் கொட்டாங்குச்சி

ஓட்டலைப் பற்றி நம்மூரில் எழுதப்படுகிற எழுத்தெல்லாம் நாக்கைப் பற்றிய எழுத்துதான். சிதம்பரம் என்றால் கத்தரிக்காய் கொத்சு. கடலூர் என்றால் மீன் குழம்பு. இட்லி பூவாட்டம் இருந்தது, சாம்பாரில் வெங்காயம் தூக்கல், சர்வர் சிரித்த முகம் என்று பத்தி பத்தியாக வருகிறது. எழுதியவர் எப்படி உள்ளே போனார் என்பது மட்டும் எந்தப் பத்தியிலும் இல்லை. காலால் நடந்து, படியேறிப் போனார். அது எழுத வேண்டிய சங்கதியாகவே அவருக்குத் தோன்றவில்லை. ஏறத் தெரிந்தவனுக்குப் படி கண்ணில் படாது. சாதிக்காரனுக்கு அவன் சாதி கண்ணில் படாத மாதிரி.

நமக்கு ஓட்டல் வாசல் என்பது ருசி சம்பந்தப்பட்டது மட்டும் கிடையாது. அது அரசியல். 1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டத்தின் 15ஆவது பிரிவு கடை, பொது உணவு விடுதி, ஓட்டல் என்று பெயர் சொல்லிப் பேசுகிறது. ஒரு நாட்டின் அடிப்படைச் சட்டத்தில் டீக்கடை ஏன் வந்து உட்கார வேண்டும்? நம் சனங்களை உள்ளே விடவில்லை, அதனால் வந்து உட்கார்ந்தது. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் இந்தப் பிரிவு விவாதத்துக்கு வந்தபோது, ‘கடை’ என்பதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார்கள். காசுக்குச் சேவை தருகிற இடமெல்லாம் அதற்குள் அடங்கும் என்று விரித்துப் பொருள் சொன்னவர் அம்பேத்கர். 1955ஆம் வருஷத்துத் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் இன்னும் ஒரு படி போய், ஓட்டலில் வைத்திருக்கும் பாத்திரம் பண்டங்களைப் புழங்க விடாமல் தடுப்பதும் குற்றம் என்றது. அதற்கப்புறமும் 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் ‘பிராமணாள்’ பலகைக்கு எதிராகப் பெரியார் மாதக்கணக்கில் மறியல் நடத்த வேண்டியிருந்தது. இரட்டைக் குவளையும் கொட்டாங்குச்சியும் சட்டத்துக்குப் பயந்து ஓடிப்போய்விடவில்லை என்பது நமக்குத் தெரியும்.

இந்த வரலாற்றில் ஒரு சொல் கிடக்கிறது. தீண்டாமை ஒழிக்கப்பட்டது என்று சொல்லும் 17ஆவது பிரிவின் ஆங்கில மூலத்தில், தீண்டாமையால் ஒருவர் மேல் சுமத்தப்படும் தடைக்கு என்ன பெயர் தெரியுமா? ‘டிஸபிலிட்டி’. 15(2)லும் அதே சொல். 1938இல் சென்னை மாகாணத்தில், பொதுக் கிணற்றையும் பொதுச் சாலையையும் நமக்குத் திறக்க வந்த சட்டத்தின் பெயரே ‘சிவில் டிஸபிலிட்டிஸ்’ ஒழிப்புச் சட்டம். அதாவது அந்தச் சொல்லுக்குச் சட்டத்தில் இருந்த பொருள், உடம்பில் உள்ள குறை அல்ல. அடுத்தவன் உன் மேல் போட்ட தடை. கிணற்றில் தண்ணி எடுக்க நமக்குக் கை இல்லாமலா போச்சு? எடுக்க விடவில்லை. அதுதான் டிஸபிலிட்டி. இதே வெளிச்சத்தில் சக்கர நாற்காலியில் வருகிற ஒருவரை ஓட்டல் வாசலில் வைத்துப் பாருங்கள். அவரைத் தடுப்பது அவர் காலா, மூன்று படியா?

இந்தக் கேள்வியோடு கடலூரிலும் சிதம்பரத்திலும் சில ஓட்டல்களுக்குப் போய்வந்தோம். நான், சக்கர நாற்காலியில் வரும் இயக்க அண்ணன் ஒருவர், கண் தெரியாத எம்.ஏ. மாணவத் தம்பி ஒருவர். மூவரும் சேரிக்காரர்கள். ஓட்டல்களின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஒரு பெயரைச் சொன்னால் மற்றதெல்லாம் யோக்கியம் என்று ஆகிவிடும்.

கடலூர் மஞ்சக்குப்பம் பக்கம் ஓர் ஓட்டல். வாசலில் வழவழப்பான கிரானைட்டில் மூன்று படி, பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. மேற்பார்வையாளர் ஓடி வந்தார். மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. “சார், பார்சல் வாங்கிக்குங்களேன். ஏன் செரமப்படுறீங்க? நானே ஆள்கிட்ட குடுத்து அனுப்புறேன், வண்டியிலயே வச்சு சாப்புடலாம்.” அண்ணன் சொன்னார்: “சாப்பாடு எங்க வேணாலும் கெடைக்கும் தம்பி. நான் ஒக்கார எடம் கேட்டேன்.” அவருக்குப் புரியவில்லை. உதவி செய்ய வந்தவனிடம் இந்த ஆள் ஏன் முறைக்கிறார் என்று என்னைப் பார்த்தார்.

அவர் கெட்டவர் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். நம் தாத்தாவுக்குத் தெருவில் நிற்க வைத்துக் கொட்டாங்குச்சியில் டீ ஊற்றிய கடைக்காரரும் தன்னை நல்லவர் என்றுதான் நினைத்திருப்பார். டீ இல்லை என்றா சொன்னார்? குடுத்தாரே! காசை வாங்கிக்கொள், பண்டத்தைக் கொடு, ஆளை மட்டும் உள்ளே உட்கார வைக்காதே. இதுதான் கொட்டாங்குச்சியின் இலக்கணம். பார்சல் என்பது அலுமினியத் தாளில் சுற்றிய கொட்டாங்குச்சி.

சிதம்பரத்தில், தேர் ஓடும் வீதி ஒன்றில் இருக்கும் ஓட்டலில் வேறு விதம். முன்வாசலில் படி, ஆனால் பின்பக்கம் சரிவு இருக்கிறதாம். “சிலிண்டர் ஏத்துற வழி சார், அப்படியே வந்துடலாம்.” போனோம். கேஸ் சிலிண்டர், அரிசி மூட்டை, எச்சில் இலைக் கூடை, பாத்திரம் கழுவுகிற ஈரம், அதற்கு நடுவில் அண்ணனின் நாற்காலி. அங்கே குனிந்து தேய்த்துக்கொண்டிருந்த பெண்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறவர்கள் என்று இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒரு விஷயம் மட்டும் தெளிவானது. சரிவு கட்டுவது எப்படி என்று ஓட்டல்காரருக்குத் தெரியும். சிலிண்டருக்குக் கட்டியிருக்கிறார். மனுசனுக்குக் கட்டவில்லை.

உள்ளே உட்கார்ந்தாச்சு. சர்வர் தம்பியைக் காட்டி என்னிடம் கேட்கிறார்: “அவருக்கு என்ன வேணும்?” தம்பி பட்டென்று சொன்னான்: “அவருக்குக் காது கேக்கும். அவருகிட்டயே கேளுங்க.” என்ன இருக்கிறது என்று எழுதிய பலகை சுவரில் தொங்குகிறது, அதைப் படித்துச் சொல்ல ஒருவருக்கும் நேரமில்லை. ‘இட்லி, பொங்கல், தோசை’ என்று மூச்சுவிடாமல் ஒப்பிக்கிற பழைய சர்வர்கள் தம்பி மாதிரி ஆட்களுக்கு எவ்வளவு வசதி! அந்த வழக்கம் குறைந்துவருகிறது. கைகழுவும் தொட்டி நிற்கிறவர் உயரத்தில். கழிப்பறைக் கதவு நாற்காலியைவிடக் குறுகல். வெளியூர் போகிற நாளில் அண்ணன் காலையிலிருந்தே தண்ணி குடிப்பதில்லை. பொங்கல் நன்றாகவே இருந்தது. மிளகு வாசம், முந்திரி எல்லாம் உண்டு. தண்ணி குடிக்காமல் பொங்கல் தின்று பாருங்கள், அப்போது எழுதுங்கள் ருசியைப் பற்றி.

ஒரே ஓர் இடத்தில் மூவரும் முன்வாசல் வழியாகப் போனோம். தரையோடு தரையாக ஒரு சின்ன மெஸ். நடத்துகிற அக்கா எங்களைப் பார்த்ததும் ஒரு பெஞ்சை இழுத்து ஓரமாகப் போட்டார். நாற்காலி உள்ளே வந்துவிட்டது. தம்பியின் இலையில் எது எந்தப் பக்கம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே பரிமாறினார். அங்கே கழிப்பறை கிடையாது. அதையும் சொல்ல வேண்டும். ஆனால் பெஞ்சை நகர்த்த அவருக்கு ஒரு பைசா செலவில்லை.

சிதம்பரத்தில் வாசலைப் பற்றிப் பேசினால் நந்தன் வராமல் இருக்க முடியாது. திருப்புன்கூரில் நந்தனுக்காக நந்தி விலகியதாகப் பெரியபுராணம் சொல்கிறது. அதைக் கருணை என்று பாடம் நடத்தினார்கள். நம்மாட்கள் அதை வேறு மாதிரி வாசித்தார்கள். நந்தி நகர்ந்தது, நந்தன் நகரவில்லை. நின்ற இடத்திலிருந்தே பார்த்துக்கொள் என்பதுதான் அந்தக் கருணை. பார்சல் தரிசனம். சிதம்பரத்திலோ உள்ளே வர வேண்டுமென்றால் தீயில் இறங்கி வேறு உடம்போடு வா என்றார்கள். ஓட்டல் வாசலில் நடப்பதும் அதேதான். ஒன்று, வெளியே வாங்கிக்கொள். இல்லை, வேறு உடம்போடு வா. வாசல் மட்டும் மாறாது.

தோழர்கள் சிலர் கேட்கிறார்கள்: இது நம்ம பிரச்சினையா? சாதியையும் ஊனத்தையும் ஒன்றாக்கிக் குழப்பலாமா? ஒன்றாக்கவில்லை. படிக்குப் பின்னால் மனுதர்மம் இல்லை. சக்கர நாற்காலியில் இருக்கிற மேல்சாதிக்காரர் தன் தெருவுக்குத் திரும்பினால் மேல்சாதிக்காரர்தான். அவர் வீட்டிலும் நமக்குத் தனி டம்ளர் இருக்கலாம். அந்த வித்தியாசத்தை நாம் ஒருநாளும் விட்டுக்கொடுக்க முடியாது. ஆனால் 2011 மக்கள்தொகைக் கணக்கைப் பாருங்கள். நாட்டில் ஊனமுற்றவர்கள் 2.68 கோடி பேர். மொத்த மக்களில் 2.21 சதவீதம். பட்டியல் சாதியினரில் 2.45 சதவீதம். சத்தான சாப்பாடும் ஆஸ்பத்திரியும் சேரிக்குக் கடைசியாகத்தான் வரும்; உடம்பைத் தேய்க்கும் வேலை முதலில் வரும். கணக்கு பின் எப்படி இருக்கும்? அண்ணனைக் கேட்டால் ஒரே வரியில் சொல்வார்: “ஊர்ல என்னை சாதி நிறுத்துச்சு, டவுன்ல படி நிறுத்துது. எது எதுன்னு பிரிச்சுப் பாக்க எனக்கு நேரமில்ல.”

பெயர் மாற்றுவதில் இந்த நாட்டுக்குச் சலிப்பே கிடையாது. நம்மை ஹரிஜன் என்றார்கள். கிணறு மாறவில்லை. 2010இல் கலைஞர் அரசு ஊனமுற்றோரை மாற்றுத்திறனாளிகள் என்று அழைக்கச் சொன்னது. மரியாதையான சொல்தான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சொல் மாறி இத்தனை வருஷத்தில் படி மாறியதா? திறன் மாறி இருக்கிறது என்று மனுசனைச் சொல்கிறோம். கட்டடத்துக்கு அல்லவா மாற்றுத்திறன் வேண்டும்?

சட்டம் இல்லாமலும் இல்லை. 15ஆவது பிரிவு மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் என்று ஐந்தைச் சொல்கிறது. ஊனம் அந்தப் பட்டியலில் இல்லை. அந்த ஓட்டையை அடைக்க 1995இல் ஒரு சட்டம், பிறகு 2016இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. தனியார் கட்டடமானாலும் பொதுமக்கள் வந்துபோகிற இடம் பொதுக் கட்டடம்தான் என்கிறது 2016ஆம் வருஷத்துச் சட்டம். விதிகள் வந்தது 2017 ஜூனில். பழைய கட்டடங்களைத் திருத்த ஐந்து வருஷம் கெடு. 2022 ஜூனோடு அது முடிந்துவிட்டது. அணுகல் தரத்தைப் பின்பற்றாத புதுக் கட்டடத்துக்கு அனுமதியே தரக்கூடாது என்கிறது 44ஆவது பிரிவு. 2024 நவம்பர் 8 அன்று, ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அரசு போட்ட விதி வெறும் பரிந்துரையாக நிற்கிறது, கட்டாயமாக்கு என்று சொல்லி அந்த விதியை ரத்துசெய்து, மூன்று மாதம் கெடு கொடுத்தது. இன்னொன்றும் நம்மாட்கள் கவனிக்க வேண்டும். பொதுப் பார்வையில் ஒரு மாற்றுத்திறனாளியை வேண்டுமென்றே அவமானப்படுத்தினால் ஆறு மாதம் முதல் ஐந்து வருஷம் வரை சிறை என்கிற 92ஆவது பிரிவின் வாசகம், நம் 1989ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் அச்சு. நாம் ரத்தம் சிந்திப் பெற்ற சொற்கள் அவர்களுக்கும் பயன்படுகின்றன. பெருமைப்பட வேண்டிய விஷயம் இது.

ஓட்டல் முதலாளிகள் காரணம் சொல்கிறார்கள். முதல் காரணம் வெள்ளம். 2004 சுனாமி, 2011 தானே புயல், 2015 மழை எல்லாம் பார்த்த ஊர் கடலூர். உயரமாகக் கட்டாமல் என்ன செய்ய? கட்டுங்கள். சரிவும் அதே உயரத்துக்குத்தான் ஏறுகிறது. தண்ணீருக்குப் படி, சரிவு என்ற பேதமில்லை. இரண்டாவது காரணம் இடம். இதில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்பது தரம். ஆறு அங்குலப் படி மூன்று என்றால் பதினெட்டடி வேண்டும். வாசலுக்கும் சாக்கடைக்கும் நடுவில் அவ்வளவு இடம் இல்லாத கடைகள் உண்டு. மடக்கிக் கட்டலாம், பக்கவாட்டில் கட்டலாம், எடுத்துப் போடுகிற இரும்புப் பலகை வைக்கலாம். மாடியில் ஏ.சி. ஹால் கட்ட இடம் கண்டுபிடித்த மூளைக்கு இது முடியாதா?

மூன்றாவது காரணத்தை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். 2022 பிப்ரவரியில் குருகிராமில் ஒரு ரெஸ்டாரண்ட் சொல்லிவிட்டது. சக்கர நாற்காலியில் வந்த இளம்பெண்ணிடம், மற்ற வாடிக்கையாளர்களுக்குத் தொந்தரவாகும் என்றார்கள். அவர் அதை வெளியே எழுதியதால் நாடே பேசியது. பக்கத்தில் உட்கார்ந்தால் தொந்தரவு! இந்த வாசகத்தை நாம் எங்கே கேட்டிருக்கிறோம் என்று யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டாம். படிக்குப் பின்னால் மனுதர்மம் இல்லை என்றேன். ஆனால் மனுதர்மத்தில் ஊறிய கண் இருக்கிறது. எந்த உடம்பு பந்தியில் உட்காரத் தக்கது என்று அது தரம் பிரித்துக்கொண்டே இருக்கிறது.

ஆகவே மாணவத் தோழர்கள், எழுதுகிற தோழர்கள் சில வேலைகளைக் கையில் எடுக்க வேண்டும். கடலூரிலும் சிதம்பரத்திலும் தெருத் தெருவாக ஓட்டல்களுக்குப் போய், படி எத்தனை, கதவு அகலம் எவ்வளவு, கழிப்பறை உண்டா என்று எழுதி, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் பட்டியலாகக் கொடுப்போம். சென்னையில் இருக்கும் மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கும் ஒரு நகல் போகட்டும். தீண்டாமை பார்க்கும் டீக்கடைகளைப் பட்டியல் போட்ட அனுபவம் நமக்கு இருக்கிறது. அதே நோட்டில் இன்னொரு பத்தி போட வேண்டியதுதான். நம் கூட்டங்களையும் மாடியில் இருக்கிற மண்டபத்தில் போடுவதை நிறுத்த வேண்டும். கீழே இடம் கிடைக்கவில்லை என்றால் தெருவில் போடுவோம். தெரு நமக்குப் புதுசில்லை.

ஓட்டல் விமர்சனம் எழுதுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கொத்சைப் பற்றி எழுதுங்கள், நானும் படிக்கிறேன். ஆனால் முதல் வரியில் வாசலில் எத்தனை படி என்று எழுதிவிட்டு, இரண்டாவது வரியில் உள்ளே போங்கள்.